தோலும் தண்ணீரும் நம் பங்கும்



பொன்விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று விழாக் குழுவினர் நம்மிடம் கேட்டபொழுது, கோவில் எழும்பிய வரலாறு, மணிக்கூண்டு எழும்பிய வரலாறு, இங்குப் பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவற்றையே மனத்தில் கொண்டிருந்தனர். அவையெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் முறையாக இடம் பெற்றுள்ளன. நாம் எழுதப் புகுந்ததோ பங்குமனைக்குப் பின்னால் சிமெண்டுப் பலகை போட்டு மூடிக் கிடக்கும் கிணற்றைப் பற்றி. அந்தக் கிணற்று நீரில்தான் நம் கோவிலின் சுண்ணாம்பும் சிமெண்டும் குழைக்கப்பட்டன; கட்டட வேலைக்கு வந்தவர்கள் அதையே குடித்தார்கள் என்று மூத்தோர் சொல்லுகின்றனர். இன்று அதைக் குடிப்பார் யாருமில்லை. பங்குமனைக்கு வாரம் மூன்று முறை கேன் தண்ணீர் வருகிறது. இந்த ஐம்பது ஆண்டுகளுக்குள் நடந்தது என்ன என்பதும் வரலாறுதானே?

நம் வட்டாரம் இளமையான புறநகர் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியன்று. 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அதுவே. பம்மல், திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் கருங்கல்லுக்கும் அறிவியல் உலகில் தனிப்பெயர் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மீதுள்ள கல் இவ்வகையைச் சேர்ந்தது என்று கண்ட தாமஸ் ஹாலண்டு, இதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். அந்தக் குன்றுகளை வெட்டி வெட்டிச் சென்னையின் வீடுகளும் சாலைகளும் எழும்பின. எஞ்சிய குழிகளில் இன்று மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. ஆண்டுதோறும் விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அங்கே குளிக்கப் போகாதீர்கள் என்று பலிபீடத்திலிருந்து நாம் எச்சரிப்பதும் அதனால்தான்.

குன்றுகளின் அடியில் ஏரிகள். பல்லாவரத்துப் பெரிய ஏரி, நம் ஊர் மூங்கில் ஏரி, திருநீர்மலை ஏரி என்று ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தன. வடக்கே அனகாபுத்தூரை ஒட்டி அடையாறு. திருநீர்மலை என்ற பெயரையே பாருங்கள். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் நீர் வடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்று வைணவ அன்பர்கள் சொல்லுவர். நம் அடுத்த பகுதிக்கு நாகல்கேணி என்று பெயர். கேணி என்றால் கிணறு. கிணற்றால் பெயர் பெற்ற அவ்வூரில் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாத காலமும் வந்தது.

தோல் பதனிடும் தொழிலுக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிப்பதற்கு 30 முதல் 40 லிட்டர் வரை செலவாகும் என்பது பொதுவான கணக்கு. ஏரியும் இரயிலும் துறைமுகமும் அருகிருந்த இந்த இடத்தைத் தோல் வணிகர்கள் தேர்ந்து கொண்டது இயல்பே. பெரியமேட்டில் மண்டி, பல்லாவரத்தில் ஆலை என்று தொழில் அமைந்தது. முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்துப் பதனிட்டனர். வாரக்கணக்கில் ஆகும் வேலை. நாற்றம் உண்டு, ஆயினும் பட்டைக் கழிவு மண்ணில் மக்கிவிடும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிக்கென உழைத்த அல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறையை இங்கு ஆராய்ந்து புகுத்தினார். அவர் எதற்காக அத்தோலை முதலில் விரும்பினார் தெரியுமா? நம் உழவர்கள் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைச் சாலுக்கு. பட்டைத் தோலைவிடக் குரோம் தோல் நீரில் ஊறி நெடுநாள் உழைக்கும். கிணற்றில் நீர் இறைப்பதற்காக வந்த தோலே பின்னர்க் கிணறுகளுக்குக் கவலை தந்தது. சிலேடைக்காக இதை நாம் எழுதவில்லை, நடந்தது அப்படியே.

அரசாங்கம் தொழில் நடத்தலாகாது என்று ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டதன் பேரில், அரசின் குரோம் தோல் ஆலை 1910 இல் ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தில் குரோம் லெதர் கம்பெனியை வளர்த்தார். அந்தக் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. ஓர் உலோகத்தின் பெயரால் வழங்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறெத்தனை உண்டோ நாமறியோம். 1931 இல் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் குடியிருப்புகளும் பெருகின. 1948 இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆராய்ச்சி என்பது கிராமத்துத் தோல் தொழிலாளியின் கைக்கு எட்ட வேண்டும் என்று உழைத்தவர். 1985 ஜூன் 23 அன்று அட்லாண்டிக் கடல்மீது வெடித்துச் சிதறிய கனிஷ்கா விமானத்தில் அவரும் மாண்டார்.

பெரிய திருப்பம் 1970களில் வந்தது. அதுவரை நம் நாடு பதனிடாத தோலையும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலையும் கப்பலேற்றி விற்றது. 1972 இல் சீதாராமையா குழு, முடிந்த பொருளாக விற்றால் அந்நியச் செலாவணியும் வேலையும் பெருகும் என்று பரிந்துரைத்தது; 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அளவு விதிக்கப்பட்டது. பொருளாதாரம் என்ற முறையில் அதில் குற்றம் காண்பதற்கில்லை. மூட்டை தூக்கியவன் பிள்ளைக்கு ஆலையில் வேலை கிடைத்தது. ஆனால் ஐரோப்பிய நாடுகள் தம் ஆறுகளைக் காக்கும் பொருட்டு அழுக்கான ஆரம்ப வேலைகளைக் குறைத்துக்கொண்டு வந்த அதே காலத்தில் நாம் அவ்வேலைகளைப் பெருக்கிக்கொண்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சப்பாத்து அங்கே போயிற்று. கழுவிய நீர் இங்கே நின்றது.

ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதை, வெளியிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் அறிவதில்லை. நாமும் பல ஆண்டுகள் அறிந்திருக்கவில்லை. நம் பங்கின் பெரியவர் ஒருவர், முப்பத்தொரு ஆண்டு தோல் ஷாப்பில் வேலை செய்தவர், திண்ணையில் உட்கார்ந்து நமக்குப் பாடம் நடத்தினார். உப்புப் போட்டு வரும் தோலை முதலில் ஊறவைப்பார்கள். அந்த உப்பெல்லாம் நீரில் இறங்கும். பிறகு சுண்ணாம்பும் சல்பைடும். மயிர் கழன்று வரும், அழுகிய முட்டை நாற்றம் அப்போதுதான் எழும். சவ்வு வழித்து, சுண்ணாம்பைப் போக்கி, மறுபடி உப்பும் அமிலமும் சேர்த்து, அதன்பின் டிரம்மில் போட்டுக் குரோம் கொடுப்பார்கள். தோல் நீலம் பாரித்து வரும். பழைய முறையில் போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் தோலில் ஏறாமல் நீரோடு வெளியே போய்விடும். "நீலத் தண்ணி வாய்க்கால்ல ஓடும் சாமி. நாங்க அதைத் தாண்டித்தான் பூசைக்கு வருவோம்" என்றார் பெரியவர்.

தோலில் கட்டுண்ட மூவிணைக் குரோமியம் அத்தனை கொடியதன்று என்றும், அது ஆறிணைக் குரோமியமாக மாறினால் புற்றுநோய் தரும் நஞ்சு என்றும் வேதியியலார் கூறுவர். நம் ஊர்க் கிணறுகளை முதலில் கெடுத்தது குரோமைவிட உப்பே என்பது பெரியவரின் கருத்து. காய்ச்சினாலும் போகாத உப்பு. சாதத்தை மஞ்சளாக்கும், துணியை வெளுக்க விடாது, தென்னையைக் கருக வைக்கும். நம் பங்குமனைக் கிணறும் அவ்வாறே கெட்டது. எந்த ஆண்டில் என்று குறித்து வைத்தவர் யாருமில்லை. கோவில் கணக்குப் புத்தகத்தில் ஓராண்டு "தண்ணீர் வண்டிக்கு" என்று ஒரு செலவு முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. மறு ஆண்டு அது இருமடங்கு. கிணறு செத்ததற்கு நமக்குக் கிடைத்த மரணப் பதிவு அதுதான்.

இவ்வளவுக்கும் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1972 இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாட்டில் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நேரில் சென்று பேசினார். 1974 இல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1976 இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டு, இயற்கையைக் காப்பது அரசின் கடமை என்றும் குடிமக்களின் கடமை என்றும் எழுதப்பட்டது. 1982 இல் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் நச்சுப் புகைக்கு இரையான பிறகு, 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டங்கள் வந்தவண்ணம் இருந்தன. வாய்க்காலும் ஓடியவண்ணம் இருந்தது.

வழக்குத் தொடுத்தவர்கள் நம் ஊரார் அல்லர், பாலாற்றங்கரை மக்கள். வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991 இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஐந்து மாவட்டங்களில் சுமார் 900 தோல் ஆலைகள் இயங்கி வருவதாக நீதிமன்றத்தில் கூறப்பட்டது. அந்த ஐந்தில் அன்றைய நம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வும் முன்வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. இத்தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, பலருக்குப் பிழைப்பு அளிக்கிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அதற்காக நிலத்தையும் நீரையும் மக்களின் உடல்நலத்தையும் அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியும், தீங்கு நேருமுன் காப்பதே கடன் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பே அறுதியிட்டு உரைத்தது. ஐந்து மாவட்ட ஆலைகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். நட்ட ஈடு கணக்கிட ஓர் ஆணையம். சென்னை உயர்நீதிமன்றத்தில் இத்தகைய வழக்குகளுக்கென்றே பசுமை அமர்வு. இன்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு இது. நம் தெரு வாய்க்காலும் அதற்குள் அடங்கியிருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தீர்ப்புக்கு முன்னரே, சுத்திகரிப்புக்கு வழிசெய்யாத ஆலைகளை மூடும் உத்தரவுகள் வந்திருந்தன. இங்கேதான் நம் பங்கின் கதை குழப்பமடைகிறது. கிணறு கெட்டவர்கள் நம் மக்கள். ஆலை மூடினால் அடுப்பு அணைபவர்களும் நம் மக்கள். ஒரே பீடத்தின் முன் இருவரும் முழங்காலிட்டார்கள். அந்நாளில் ஞாயிறு மன்றாட்டில் ஒருவர் சுத்தமான நீருக்காக வேண்டினார். அடுத்து எழுந்தவர் ஆலைகள் விரைவில் திறக்க வேண்டுமென்று வேண்டினார். சபையார் இரண்டுக்கும் ஒரே குரலில் பதிலுரைத்தார்கள் என்று மூத்தோர் சிரித்துக்கொண்டே சொல்லுகின்றனர். சிரிக்கும் காரியமன்று. பெரியவரிடம் நாம், "ஆலை இருந்ததனால்தானே கிணறு போயிற்று?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஆமா சாமி. ஆனா அந்த மணி யார் காசு? வாரக் கூலி வாங்கின சனிக்கிழமை ராத்திரி ஆளுக்கு ரெண்டு ரூபா எடுத்து வச்சோம். ஷாப்பு இல்லன்னா இந்தக் கோவிலே இல்லையே."

மணிக்கூண்டு வரலாறு எழுதியவர் இதைத் தம் கட்டுரையில் சேர்க்கவில்லை. ஆதலின் இங்கே சேர்த்தோம். அந்த மணி ஒலிக்கும்போதெல்லாம் நமக்கு இப்பொழுது அந்த இரண்டு ரூபாய் நினைவுக்கு வருகிறது. அது நேர்மையான உழைப்பின் காசு. அந்த உழைப்புக்கு உரிய கூலியை முதலாளி கொடுத்தார். நீருக்கு உரிய விலையை யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய ஒன்று என்று அக்காலத்தில் கணக்கிலேயே அது இல்லை.

ஆலைகள் பெரும்பாலும் சிறியவை. தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதியற்றவை. ஆதலால் 1990களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைக்காரர் கூடி, தம் பங்குத்தொகையும் அரசு மானியமும் வங்கிக் கடனும் சேர்த்து நாகல்கேணியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தனர். குழாய் வழியே கழிவு அங்கே வரும், அளவுக்கேற்பக் கட்டணம். குரோமைத் தனியே பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறையையும் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் கற்பித்தனர். அதனால் வாய்க்காலில் போன குரோம் டிரம்முக்கே திரும்பிச் செலவும் குறைந்தது. குறை சொல்ல மட்டுமே கற்றவர்கள் இதையும் பார்க்க வேண்டும். போட்டியிட்டுக்கொள்ளும் வணிகர்கள் ஒரு பொதுக் காரியத்துக்காக ஒரே நிறுவனம் அமைப்பது எளிதன்று. சங்கக் கூட்டங்கள் நடத்திப் பழகிய நமக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பு அழுகலையும் குரோமையும் நீக்குமேயன்றி, கரைந்த உப்பை நீக்காது. அதற்கு ஆர்.ஓ. முதலிய செலவு மிகுந்த முறைகள் வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு மண்ணுக்குள் இறங்கியதை எந்த நிலையமும் ஒரு தலைமுறையில் திரும்ப எடுத்துவிடாது. பாலாற்று வழக்கே இன்னும் ஓயவில்லை: 1996 தீர்ப்புக்குப் பின் 28 ஆண்டுகள் கடந்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே வேலூர்த் தோல் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இதுவரை தொழிலதிபர்களைப் பற்றியே எழுதினோம். படிப்பவர்களில் பலர் தலையசைத்திருப்பீர்கள். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பம்மலில் பாதாளச் சாக்கடை இல்லாத காலம் நீண்டது. வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டி. நிறைந்தால் லாரிக்குச் சொல்லியனுப்புவோம். லாரி வரும், உறிஞ்சும், போகும். எங்கே போகிறது என்று நாம் கேட்டதில்லை. ஒரு நாள் விடியற்காலை நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு நீர்நிலையின் கரையில் அப்படியொரு லாரி குழாயைத் திறந்துவிட்டு நின்றதைக் கண்டோம். சினம் பொங்க வண்டியை நிறுத்தி ஓட்டுநரைக் கேட்டோம். அவர் நம்மை அடையாளம் கண்டு, வணக்கம் சொல்லி, "சாமி, போன மாசம் உங்க பங்குமனையில எடுத்ததும் இங்கதான் விட்டோம்" என்றார். நாம் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தோம். தோல் ஆலைக்காரருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு என்று அன்று காலைத் திருப்பலியின்போது மனம் அலைக்கழிந்தது. அவர் கழிவில் குரோம் இருந்தது. நம் கழிவில் இல்லை. வேறு வேறுபாடு தோன்றவில்லை.

நாம் குருமடத்தில் பயின்றபோது அறநெறி இறையியலில் கொலை, களவு, பொய், வட்டி எல்லாவற்றுக்கும் அத்தியாயம் இருந்தது. வாய்க்காலுக்கு இல்லை. ஆதாமை ஏதேன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று தொடக்க நூல் கூறுவதை நாம் படித்தோம். பண்படுத்துவது நினைவில் நின்றது, காப்பது நழுவிவிட்டது. 1979 இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவைச் சுற்றுச்சூழல் பேணுவோரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கென்றே ஒரு சுற்றுமடலை வெளியிட்டார். மறு ஆண்டு செப்டம்பர் முதல் நாள், படைப்பைப் பேணுதலை இரக்கச் செயல்களோடு சேர்க்க வேண்டும் என்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லலாகாது. கேளாததைச் சொன்னால் முத்திரை உடையாது என்று நம்புகிறோம்: இத்தனை ஆண்டுகளில் ஒருவரேனும் தண்ணீரைக் கெடுத்தேன் என்று நம்மிடம் சொன்னதில்லை. நாமும் நம் ஆன்ம குருவிடம் அந்த லாரியைப் பற்றி மூன்றாம் முறைதான் சொன்னோம்.

பம்மலுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர்கள் பெண்கள். நாடகத் தந்தை சம்பந்த முதலியாரால் இவ்வூர்ப் பெயர் ஒரு காலத்தில் பரவியது. பிற்காலத்தில் குப்பையால் பரவியது. கேலியன்று. 1994 இல் ஸ்ரீ சங்கரா நகரில் பத்துப் பெண்கள், திருமதி மங்களம் பாலசுப்பிரமணியன் முன்னிற்க, தம் தெருவைத் தாமே தூய்மை செய்யக் கிளம்பினர். வீடு வீடாக மூன்று சக்கர வண்டி. மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு. மக்குவது மண்புழு உரமாகும். வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை. எம். பி. நிர்மல் அவர்கள் 1989 இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தின் துணையும் கிட்டியது. பின்னாளில் பெப்சிகோ நிறுவனமும் உதவியது. குளிர்பானமும் நொறுக்குத்தீனியும் விற்பவர் குப்பைக்கும் கை கொடுப்பது முறைதானே. மாசு செய்தவர் செலவை ஏற்க வேண்டும் என்று 1996 இல் உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு இரண்டு ஆண்டு முன்பே, குப்பை போடுபவர் மாதக் காசு கொடுக்க வேண்டும் என்று இப்பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். கேட்டபோது கதவைச் சாத்தியவர்களும் உண்டு. நாடு முழுமைக்குமான நகர்க் குப்பை விதிகள் வந்ததே 2000 இல்தான்.

2015 டிசம்பர் முதல் நாள் இரவை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அடையாறு தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அனகாபுத்தூரிலும் முடிச்சூரிலும் வீடுகள் மூழ்கின. நம் கோவில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களில் இந்துக்களும் இசுலாமியரும் நம்மவர்களும் இருந்தனர். வெள்ளம் வடிந்த பின் ஆற்றங்கரை மரக்கிளைகளில் தொங்கியவை பெரும்பாலும் பிளாஸ்டிக் பைகள். அவற்றுள் நம் திருவிழா அசனத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்த பையும் இருந்திருக்கலாம். மாநில அரசு 2019 ஜனவரி முதல் அத்தகைய பைகளைத் தடை செய்தது. 2021 இல் மஞ்சப்பையைத் திரும்ப எடுக்கச் சொன்னது. அதே 2021 இல் நம் பம்மல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. தடையோ, மஞ்சப்பையோ, மாநகராட்சியோ, நம் கடைத்தெருவில் கறிக்கடைக்காரரின் கறுப்புப் பையை முற்றிலும் ஒழித்ததாகத் தெரியவில்லை.

இனி நம் கிணற்றுக்குத் திரும்புவோம். 2003 இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாயிற்று. நம் கோவிலிலும் குழாய் போட்டார்கள். கூரையிலிருந்து இறங்கி, தரைக்கு ஓரடி மேலே அது நின்றுவிட்டது. அதிகாரி வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். இருபது ஆண்டுகளாக அந்தக் குழாய் மழைநீரைத் தெருவுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. பொன்விழாவுக்குச் சுவரெல்லாம் வண்ணம் பூச வந்தவர்கள் "இது எதுக்கு சாமி?" என்று கேட்டபோதுதான் நாமே கவனித்தோம். அதை நீட்டி, மணலும் சரளையும் கரியும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றோடு இணைத்தோம். இளைஞர் இயக்கத்தார் இரண்டு ஞாயிறு இறங்கித் தூர் வாரினார்கள். ஒரு பாட்டில், இரண்டு செருப்பு, பழைய தூபக்கலசத்தின் மூடி ஒன்று கிடைத்தன. மூடி காணாமற்போனதற்காக அக்காலத்து உபதேசியார் திட்டு வாங்கியது மூத்தோருக்கு நினைவிருக்கலாம்.

ஒரு மழைக்காலம் கழிந்தபின் நீரைச் சோதனைக்கு அனுப்பினோம். குடிக்க ஆகாது, செடிக்கு ஆகும் என்று விடை வந்தது. கழிவு லாரிக்காரரிடம் இப்பொழுது சுத்திகரிப்பு நிலையத்துச் சீட்டு வாங்கிய பின்னரே பணம் கொடுக்கிறோம். முன்னைவிடச் செலவு கூடுதல் என்று நிதிக் குழுவில் ஒருவர் முணுமுணுத்தார், கணக்கில் எழுதியாயிற்று. விழா அசனம் வாழை இலையில். தண்ணீர் டம்ளரில். டம்ளர் கழுவ ஆள் வேண்டும் என்று மாதர் சங்கத்தார் சொன்னார்கள். ஆண்கள் கழுவுவது என்று முடிவாகியிருக்கிறது.

கிணற்றுப் பலகையை எடுத்த அன்று பெரியவரும் வந்திருந்தார். குனிந்து நெடுநேரம் உள்ளே பார்த்தார். "வாளி இருக்கா சாமி?" என்றார். கயிறு இருந்தது, வாளி இல்லை. அவரே வீட்டுக்குப் போய் ஒன்று எடுத்து வந்து, முதல் வாளியை இறைத்து, கெபி ஓரத்துச் செம்பருத்திக்கு ஊற்றினார்.